நாயோடு நடக்க யாருக்கு உரிமை? பிரிட்டன் கிராமப்புறப் பாதைகளின் வரலாறு

மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் படிக்கவோ வேலை பார்க்கவோ போகும் நம் பிள்ளைகள் சில மாதங்களிலேயே ஒரு விஷயத்தைக் கவனித்துவிடுகிறார்கள். சனி, ஞாயிறு வந்தால் அந்த ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நாட்டுப்புறத்துக்கு நடக்கக் கிளம்பிவிடுகிறார்கள். மழையோ சேறோ அவர்களைத் தடுப்பதில்லை. வயலுக்கு நடுவே, ஆட்டு மந்தைக்கு ஓரமாக, சில இடங்களில் ஒரு பிரபுவின் மாளிகையை ஒட்டிக்கூட நடக்கிறார்கள். யாரும் வழிமறித்து ‘நீ யார், எங்கே போகிறாய்?’ என்று கேட்பதில்லை. நடந்து களைத்து ஒரு பப்பில் உட்கார்ந்தால், மனிதர் கேட்ட பானம் வருவதற்குள் நாய்க்கு ஒரு கிண்ணம் தண்ணீர் வந்துவிடுகிறது.

எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கடையில் உட்காரலாம் என்பதைச் சாதி தீர்மானித்த நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இது பெரிய வியப்பு. ‘வெள்ளைக்காரன் நாட்டில் எல்லோருக்கும் எல்லாம் இயல்பாகவே கிடைத்துவிட்டது’ என்று ஊருக்கு எழுதுகிறவர்களும் உண்டு. இயல்பாக எதுவும் கிடைக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நடைக்குள் மூன்று பழைய கேள்விகள் இருக்கின்றன. நாய் வைத்திருக்க யாருக்கு அனுமதி? நிலத்தில் கால்வைக்க யாருக்கு அனுமதி? கடைக்குள் உட்கார யாருக்கு அனுமதி? மூன்றிலும் ஏழைகளையோ அந்நியர்களையோ தடுத்து வைத்த நாடுதான் பிரிட்டன். நடக்கப் போகும் நம் பிள்ளைகள் பாதையோடு இந்தக் கதையையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நாயின் நகத்தை வெட்டிய சட்டம்

1066-இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன் மன்னர்கள் பெரும் நிலப்பரப்புகளை ‘அரச வனம்’ என்று அறிவித்தார்கள். தெற்கு இங்கிலாந்தில் இருக்கும் நியூ ஃபாரஸ்ட் அப்படி உருவானதுதான். வனம் என்றால் மரங்கள் மட்டும் அல்ல. ஊர்களும் வயல்களும் அதற்குள் அடங்கும். அங்கே திரியும் மான் அரசனுக்குச் சொந்தம். ஊர்க்காரர் வீட்டு நாய் மானைத் துரத்திவிடக் கூடாது என்பதற்காக, அதன் முன்னங்காலில் மூன்று நகங்களை வெட்டிவிடுவார்கள். நாய் வீட்டுக்குக் காவல் இருக்கலாம், ஆனால் வேகமாக ஓடக் கூடாது.

மாக்னா கார்ட்டாவைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அதற்குத் துணையாக 1217-இல் வந்த வனச் சாசனத்தை அதிகம் பேர் அறிவதில்லை. விறகு எடுப்பது, பன்றி மேய்ப்பது போன்ற உரிமைகளைச் சுதந்திரக் குடிகளுக்குத் திருப்பித் தந்த ஆவணம் அது. பண்ணையோடு கட்டுண்டு கிடந்தவர்களுக்கு அதில் பெரிய பங்கு இல்லை. நாய் விஷயத்தில் அந்தச் சாசனம் கொடுமையை நீக்கவில்லை, அளவுக்குள் கொண்டுவந்தது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் சோதனை. பாதத்தின் சதையை வெட்டக் கூடாது, நகங்களை மட்டும்தான் வெட்டலாம். வெட்டாத நாய் அகப்பட்டால் உரிமையாளருக்கு 3 ஷில்லிங் அபராதம். நியூ ஃபாரஸ்டின் லிண்ட்ஹர்ஸ்ட் ஊரில், வன நீதிமன்றம் கூடும் மண்டபத்தில், பெரிய இரும்புக் குதிரை அங்கவடி ஒன்று இன்றும் தொங்குகிறது. அதற்குள் நுழைந்து வெளியே வரும் அளவுக்குச் சிறிய நாய் என்றால் நகவெட்டிலிருந்து தப்பும் என்பது அந்த ஊரில் வழங்கிவரும் செய்தி.

1381-இல் ஆங்கிலேய உழவர்கள் பெரும் கிளர்ச்சி செய்தார்கள். அது அடக்கப்பட்டு பத்தாண்டு ஆவதற்குள், இரண்டாம் ரிச்சர்டின் ஆட்சியில், 1389-90 வாக்கில் ஒரு சட்டம் வந்தது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் நிலம் இல்லாத கைவினைஞரோ கூலிக்காரரோ வேட்டை நாய் வைத்திருக்கக் கூடாது. மீறினால் ஓராண்டு சிறை. ஆள்பவர்களின் அச்சத்தை அந்தச் சட்டத்தின் முன்னுரையே காட்டிக்கொடுக்கிறது. நல்ல கிறிஸ்தவர்கள் தேவாலயத்தில் இருக்கும் திருநாட்களில் இவர்கள் நாயோடு வேட்டைக்குப் போகிறார்கள், போன இடத்தில் கூடிப் பேசிச் சதி செய்கிறார்கள் என்பது அதன் குற்றச்சாட்டு. உழைக்கும் மனிதர்கள் நாலு பேர் நாயோடு வெட்டவெளியில் சேர்ந்து நடப்பதே அரசுக்கு ஆபத்தாகத் தெரிந்திருக்கிறது.

1671-இன் வேட்டைச் சட்டம் இதை இன்னும் இறுக்கியது. ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானமுள்ள சொந்த நிலம் இருந்தால்தான் முயலையும் கௌதாரியையும் வேட்டையாடலாம். அன்றைக்கு ஒரு மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்க 40 ஷில்லிங், அதாவது 2 பவுண்டு, நில வருமானம் போதும். வாக்களிக்கத் தேவையானதைப் போல 50 மடங்கு சொத்து கௌதாரி பிடிக்கத் தேவைப்பட்டது! பண்ணைப் பிரபுவின் வேட்டைக் காவலர் குடிசைக்குள் புகுந்து சோதனை போடலாம். துப்பாக்கி, வலை, வேட்டை நாய் எதையும் பறித்துக்கொண்டு போகலாம். உயர்சாதி நாயான கிரேஹவுண்டு பணக்காரன் வீட்டில்தான் இருக்கலாம் என்றானபோது, அதை மற்ற இனங்களோடு கலந்து பிறந்த ‘லர்ச்சர்’ ஏழைகளின் துணையானது. திருட்டு வேட்டைக்காரனின் நாய் என்று அதற்குப் பட்டமும் கட்டினார்கள். இன்று ஆங்கிலப் பூங்காக்களில் சாதுவாக நடந்துபோகும் நாய்களில் இந்தக் கலப்பினம் ஏராளம்.

1796-இல் நாய்க்கு வரி வந்தது. விலைவாசி ஏறி மக்கள் ரொட்டிக்குத் திண்டாடிய காலம் அது. ஏழை தான் சாப்பிட வேண்டியதை நாய்க்குப் போடுகிறான் என்று வரிக்கு ஆதரவாக ஜான் டென்ட் போன்றவர்கள் நாடாளுமன்றத்தில் வாதாடினார்கள். ஏழைக்கு நாயும் ஒரு துணைதான் என்று வில்லியம் விண்டம் எதிர்த்துப் பேசினார். வரி நிறைவேறியது, ‘நாய் டென்ட்’ என்ற பட்டப்பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. ‘அரசாங்க அரிசி வாங்குகிற வீட்டில் செல்போன் எதற்கு?’ என்ற குரலைக் களப்பணியில் கேட்காத நாளில்லை நமக்கு. ஏழை எதை வைத்து மகிழலாம் என்று மற்றவர்கள் தீர்மானிக்கும் புத்தி எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

வேட்டைக்கான சொத்துத் தகுதி 1831-இல் ஒழிந்தது. நாய் வரி 1867-இல் 5 ஷில்லிங் உரிமக் கட்டணமாக மாறியது. அந்த உரிமமும் 1987-இல் எடுக்கப்பட்டபோது அதன் விலை வெறும் 37 பென்ஸ்.

அடைக்கப்பட்ட நிலம், மூடப்பட்ட பாதை

நாய் வைத்துக்கொள்ளலாம், சரி. எங்கே நடப்பது?

1604-க்கும் 1914-க்கும் இடையில் 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்பு மசோதாக்களை ஆங்கிலேய நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஊர்ப் பொதுநிலமாக இருந்த 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், இந்தச் சட்டங்களால் தனியாருக்குப் போனது. மாடு மேய்த்த மேடு, விறகு பொறுக்கிய காடு, நடந்துபோன ஒற்றையடிப் பாதை எல்லாம் வேலிக்குள் போயின. நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் நிலவுடைமையாளர்கள். தாங்களே சட்டம் இயற்றி, தாங்களே நிலத்தை எடுத்துக்கொண்டார்கள்.

மிஞ்சிய பாதைகளை மூடுவதும் எளிதானது. இரண்டு உள்ளூர் நீதிபதிகள் கையெழுத்திட்டால் ‘தேவையற்ற’ பாதையை மூடிவிடலாம் என்று 1815-இல் சட்டம் வந்தது. அந்த நீதிபதிகளும் நிலக்கிழார்கள்தான். இதை எதிர்த்து 1824-இல் யார்க் நகரிலும் 1826-இல் மான்செஸ்டரிலும் பழம்பாதைப் பாதுகாப்புச் சங்கங்கள் தோன்றின. பாதைக்காகச் சங்கம் கட்டும் வழக்கம் அந்த நாட்டில் 200 ஆண்டுகளைத் தொட்டுவிட்டது.

1896 செப்டம்பரில் போல்டன் நகரத்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஊரை ஒட்டிய வின்டர் ஹில் மேட்டுக்குப் போகும் பாதையை, வெளுப்புத் தொழிற்சாலை முதலாளியான கர்னல் ரிச்சர்ட் எய்ன்ஸ்வொர்த் கதவு போட்டு அடைத்திருந்தார். க்ரௌஸ் என்ற காட்டுப்பறவையைச் சுடும் விளையாட்டுக்கு நடமாட்டம் இடைஞ்சல் என்பது காரணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுமார் 10,000 பேர் ஊர்வலமாகப் போய் கதவை உடைத்து மேட்டில் ஏறினார்கள். வழக்கில் முதலாளிதான் வென்றார். அந்தப் பாதை சட்டப்படி பொதுவழியானது சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 1996-இல்! அந்த ஸ்மிதில்ஸ் பண்ணை நிலம் 2015 முதல் வுட்லேண்ட் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையிடம் இருக்கிறது. இன்று யாரும் கட்டணமில்லாமல் நாயோடு அங்கே நடக்கலாம்.

இந்த வரிசையில் எல்லோரும் அறிந்த பெயர் கிண்டர் ஸ்கௌட். மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே உள்ள பீக் டிஸ்ட்ரிக்டின் உயரமான மேடு அது. ஆலைப் புகையில் ஆறு நாள் வேலை செய்துவிட்டு ஏழாம் நாள் காற்று வாங்க விரும்பிய தொழிலாளர்களுக்குக் கண்ணெதிரில் இருந்த மலை. ஆனால் ஆண்டில் சில நாட்கள் க்ரௌஸ் சுடுவதற்காக டெவன்ஷயர் பிரபு உள்ளிட்ட உடைமையாளர்கள் அதை அடைத்து வைத்திருந்தார்கள்.

1932 ஏப்ரல் 24 அன்று, ஹேஃபீல்டு ஊருக்கு வெளியே பௌடன் பிரிட்ஜ் கல்குவாரியில் சுமார் 400 இளைஞர்கள் கூடினார்கள். தலைமை தாங்கியவர் பென்னி ராத்மன், 20 வயது. மான்செஸ்டரின் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்த மெக்கானிக், கம்யூனிஸ்ட். வில்லியம் க்ளஃப் என்ற ஓடைப் பள்ளத்தாக்கு வழியாக ஏறியவர்களைத் தடியோடு நின்ற வேட்டைக் காவலர்கள் தடுத்தார்கள். கைகலப்பு நடந்தது. இறங்கி வந்ததும் ஆறு பேர் கைதானார்கள். வெறுமனே அடுத்தவர் நிலத்தில் நடந்ததைக் குற்ற வழக்காக்க அன்றைய சட்டத்தில் இடமில்லை; ஆகவே கலகம் செய்யக் கூடினார்கள் என்று வழக்குப் போட்டார்கள். டெர்பி நீதிமன்றத்தின் நடுவர் குழுவில் ராணுவ அதிகாரிகள் நிரம்பியிருந்தார்கள். ஐந்து பேருக்கு 2 முதல் 6 மாதம் வரை சிறை. ராத்மனுக்கு 4 மாதம்.

அந்தத் தண்டனைதான் ஊரைத் திருப்பியது. அதுவரை ‘இந்தப் பொடியன்கள் காரியத்தைக் கெடுக்கிறார்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்த மிதவாத நடையர் சங்கங்களின் உறுப்பினர்களும் சினந்தார்கள். அடுத்து வின்னட்ஸ் கணவாயில் நடந்த கூட்டத்துக்குச் சுமார் 10,000 பேர் திரண்டார்கள். மனுக் கொடுத்தே காத்திருந்தவர்களும் சிறைக்குப் போனவர்களும் சேர்ந்துதான் 1949-இன் தேசியப் பூங்காச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 1951-இல் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அதே பீக் டிஸ்ட்ரிக்ட். 1965-இல் ஈடேல் ஊரிலிருந்து வடக்கே ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டிப் போகும் 268 மைல் பென்னைன் நெடும்பாதை திறக்கப்பட்டது. மலை, மேடு, பதிவான பொதுநிலம் ஆகியவற்றில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்ற உரிமை 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிடைத்தது. 2002-இல், அந்த அத்துமீறலின் 70-ஆம் ஆண்டு நிகழ்வுக்கு வந்த 11-ஆவது டெவன்ஷயர் பிரபு தன் தாத்தா செய்ததற்கு மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டுதான் ராத்மன் 90 வயதில் இறந்தார்.

நல்ல பாதையைக் கண்டுபிடிப்பது எப்படி

இந்தப் போராட்டங்களின் கணக்கு முழுவதும் ஒரு வரைபடத்தில் இருக்கிறது. ஆர்டினன்ஸ் சர்வே நிறுவனத்தின் ‘எக்ஸ்புளோரர்’ வரைபடத்தை விரித்தால் பச்சைக் கோட்டுத் துண்டுகளாகப் பொதுப் பாதைகள் தெரியும். 1949 சட்டத்துக்குப் பிறகு ஊர் ஊராக நடந்து பார்த்துப் பதிவு செய்தவை அவை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிச் சுமார் 1,40,000 மைல் உண்டு. வெளிர் மஞ்சள் பூசிய இடங்கள் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி திறந்த நிலங்கள். கடன் கேட்டால் பல ஊர்களின் பொது நூலகத்திலேயே இந்த வரைபடம் கிடைக்கும்.

நாய் விஷயத்தில் இந்த இரண்டு நிறத்துக்கும் வேறுபாடு இருக்கிறது. பச்சைக் கோட்டுப் பாதையில் போகும் மனிதருக்கு நாய் இயல்பான துணை என்று கருதப்படுகிறது. அங்கே நாயை யாரும் தடுக்க முடியாது. ஆனால் அது பாதையை விட்டு விலகாமல், சொன்னால் கேட்கும் நிலையில் இருக்க வேண்டும். மஞ்சள் நிலத்தில், மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் பிடித்துத்தான் நடக்க வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம் அது. ஆடு மாடுகளுக்கு அருகில் என்றால் ஆண்டு முழுவதும் கயிறு கட்டாயம்.

இந்த விதியைச் சுமையாக நினைக்க வேண்டாம். துரத்தப்பட்ட சினை ஆடு குட்டியை இழக்கும். அந்த இழப்பு பெரும்பாலும் சிறு விவசாயியின் தலையில் விழும். ஆட்டைத் துரத்தும் நாயை, வேறு வழியில்லாத நிலையில், விவசாயி சுட்டுவிடவும் சட்டம் இடம் தருகிறது. மாட்டு மந்தை துரத்தினால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பிக்கும், மாடு உங்களை விட்டுவிடும். கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு மிதிபட்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள். நாயின் மலத்தைப் பையில் அள்ளிக் கையோடு எடுத்துப் போங்கள், வேலியில் தொங்கவிட்டு வராதீர்கள். அதை நாளைக்கு அள்ளப் போகிறவரும் ஒரு தொழிலாளிதான் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆட்டையும் பறவையையும் காக்கும் விதியோடு இன்னொரு விதியும் அதே சட்டத்தில் இருக்கிறது. க்ரௌஸ் சுடுவதற்காகப் பராமரிக்கும் மேட்டுநிலத்தின் உடைமையாளர், 5 ஆண்டுகள் வரை அங்கே நாய்களையே விலக்கி வைக்கலாம். பார்வையற்றோரின் வழிகாட்டி நாய் போன்றவற்றுக்கும் பொதுப் பாதைகளுக்கும் மட்டும் விலக்கு. ‘நாய்களுக்கு அனுமதியில்லை’ என்ற பலகையை மலை மேல் கண்டால், அது ஆட்டுக்குட்டிக்காக வைத்ததா, துப்பாக்கி விளையாட்டுக்காக வைத்ததா என்று பாருங்கள். பலகையை மதித்து நடங்கள். ஆனால் என்ன காரணத்துக்காக மதிக்கிறோம் என்பது தெரிந்திருக்கட்டும்.

முதல்முறை போகிறவர்களுக்கு எளிய வழிகள் உண்டு. பிரிட்டன் ரயில்களில் ஒரு பயணி இரண்டு நாய்கள் வரை கட்டணமில்லாமல் கூட்டிப் போகலாம், கார் தேவையில்லை. மான்செஸ்டரிலிருந்து நியூ மில்ஸ் வரை ரயிலில் போய், அங்கிருந்து ஹேஃபீல்டுக்கு செட் வேலி டிரெயிலில் நடக்கலாம். பழைய ரயில் தடம், இரண்டரை மைல், ஏற்றம் மிகக் குறைவு. பேக்வெல் பக்கம் உள்ள மொன்சால் டிரெயிலும் பழைய ரயில் தடம்தான். எட்டரை மைல், குகைப்பாதைகளுக்குள் நடக்கும்போது நாயும் குழந்தைகளும் சேர்ந்து குதூகலிப்பார்கள். வயதான நாய்க்கு இப்படிப்பட்ட தடங்களே நல்லது. வயல்வெளிப் பாதைகளில் வேலியைத் தாண்ட மரப்படிகள் வைத்திருப்பார்கள். பெரிய நாயைத் தூக்கி அப்புறம் விடுவதற்குள் இடுப்பு போய்விடும். கால் வலுவுள்ளவர்கள் ஹேஃபீல்டிலிருந்து பௌடன் பிரிட்ஜ் வழியாக, ராத்மனும் தோழர்களும் போன வில்லியம் க்ளஃப் பாதையிலேயே கிண்டர் மேட்டுக்கு ஏறலாம். கிண்டர் 1982 முதல் நேஷனல் டிரஸ்ட் வசம் இருக்கிறது.

அந்த நேஷனல் டிரஸ்டை 1895-இல் தொடங்கிய மூவரில் ஒருவர் ஆக்டேவியா ஹில். லண்டன் ஏழைகளின் வீட்டு வசதிக்காக உழைத்த அவரைச் சமூகப் பணி படித்தவர்கள் பாடத்தில் சந்தித்திருப்பார்கள். நெரிசலில் வாழும் மக்களுக்கு வீட்டைப் போலவே திறந்த வெளியும் அடிப்படைத் தேவை என்பது அவர் கருத்து. இன்று அந்த அமைப்பு தன் இடங்களுக்கு நாயின் பாதச் சின்னத்தால் தரம் போட்டிருக்கிறது. மூன்று பாதம் என்றால் நாயோடு பெரும்பாலான பகுதிகளுக்குப் போகலாம்; ஒரு பாதம் என்றால் வாகன நிறுத்தம், பக்கத்து நடைபாதை அளவில் நின்றுகொள்ள வேண்டும்.

ஸ்காட்லாந்து இன்னும் தாராளம். அங்கே 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் பெரும்பாலான நிலத்தில் நடக்கும் உரிமையைத் தந்திருக்கிறது. நாயைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தால் நாய்க்கும் அந்த உரிமை உண்டு.

தண்ணீர்க் கிண்ணம் வைத்த பப்

நடைக்கு நடுவே இளைப்பாற வழக்கமான இடம் கிராமத்து பப். வாசலில் தண்ணீர்க் கிண்ணம் இருந்தால் நாய்க்கு வரவேற்பு உண்டு என்று பொருள். உணவு தயாரிக்கும் இடத்துக்குள் நாய் வரக் கூடாது என்பதைத் தவிர மற்றதெல்லாம் கடைக்காரரின் முடிவு. பெரும்பாலும் கல்தரை போட்ட பொது பார் பகுதியில் நாயோடு உட்காரலாம். விரிப்புப் போட்ட சாப்பாட்டு அறைக்குள் விடமாட்டார்கள். உள்ளே போகுமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது வழக்கம். ஊனமுற்றோரின் துணைநாயை மட்டும் எந்தக் கடையும் காரணமில்லாமல் தடுக்க முடியாது. 2010-இன் சமத்துவச் சட்டம் இருக்கிறது.

பப்பில் அறை பிரித்து உட்காரவைப்பது நாய்களோடு தொடங்கிய பழக்கம் அல்ல. 1960-களில் பர்மிங்காம் நகரை ஒட்டிய ஸ்மெத்விக்கில், வார்ப்பாலைகளில் உலோகம் காய்ச்சிய இந்தியத் தொழிலாளர்களுக்கும் கரீபியத் தொழிலாளர்களுக்கும் பல பப்களின் நல்ல அறைகளில் இடமில்லை. பொது பார் பகுதியில் நின்று குடித்துவிட்டுப் போக வேண்டும். இரட்டைக் குவளையைக் கண்ட நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவ்தார் சிங் ஜோஹல் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். வெள்ளைக்கார நண்பர்களைக் கூட்டிக்கொண்டு அந்த அறைகளுக்குள் போய் உட்கார்ந்து, பரிமாற மறுப்பதை ஆதாரமாக்கினார். 1965 பிப்ரவரி 12 அன்று அவர் அழைப்பில் ஸ்மெத்விக் வந்த மால்கம் எக்ஸையும் ‘புளூ கேட்ஸ்’ பப்புக்குக் கூட்டிப்போனார். அங்கேயும் மறுப்புதான். ஒன்பது நாள் கழித்து மால்கம் எக்ஸ் நியூயார்க்கில் கொல்லப்பட்டார். அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த இன உறவுச் சட்டம், பப், உணவகம் போன்ற பொது இடங்களில் நிறத்தைக் காரணம் காட்டி மறுப்பதைத் தடை செய்தது.

இன்னும் மீதி இருப்பது

பாதையோரத்து மாளிகைகள் எல்லாம் பிரிட்டனிலேயே சம்பாதித்த பணத்தில் எழும்பவில்லை. லண்டனுக்கு வடக்கே ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் உட்ஹால் பார்க் என்ற மாளிகை இருக்கிறது. அதைக் கட்டத் தொடங்கியவர் பின்னாளில் மதராஸ் கவர்னரான தாமஸ் ரம்போல்டு. 1790-களில் அதை வாங்கியவர் பால் பென்ஃபீல்டு. ஆற்காடு நவாபுக்கு வட்டிக்கு மேல் வட்டிக்குக் கடன் கொடுத்து, அதற்கு ஈடாகத் தஞ்சாவூர்ச் சீமையின் விளைச்சல் வருவாயை எழுதி வாங்கிய கம்பெனி ஊழியர் இவர். எட்மண்ட் பர்க் 1785-இல் நாடாளுமன்றத்தில் இவரைக் கிழித்துத் தொங்கவிட்டார். அந்தத் தஞ்சை நெல்லை விளைவித்தவர்கள் யார்? வயலோடு சேர்த்து அடமானம் வைக்கப்பட்ட பள்ளரும் பறையருமான பண்ணையாட்கள். ஆகவே அந்த நாட்டின் வயல்வெளியில் நடக்கும் நம் பிள்ளைகள் யாருடைய வீட்டுக்கும் அழையா விருந்தாளியாகப் போகவில்லை.

ஆனால் அப்படி உணர வைக்கும் சூழல் இன்னும் இருக்கிறது. தேசியப் பூங்காக்கள் குறித்து 2019-இல் அரசுக்காகத் தயாரான குளோவர் அறிக்கை, கிராமப்புறம் வெள்ளையருக்கானது என்ற எண்ணம் வெள்ளையரிடமும் மற்றவர்களிடமும் பரவலாக இருப்பதைப் பதிவு செய்தது. புகைப்படக் கலைஞர் இங்ரிட் பொல்லார்ட் 1980-களிலேயே ஆங்கில நாட்டுப்புறத்தில் கறுப்பின மனிதர்களை நிறுத்திப் படமெடுத்து, அங்கே அவர்களைத் தொடரும் அச்சத்தைப் பேசினார்.

நிலத்தின் கணக்கும் முடியவில்லை. பாதையை விட்டு விலகி நடக்கும் உரிமை இங்கிலாந்தின் பரப்பில் சுமார் 8 சதவீதத்தில்தான் இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி, மக்கள் நெருக்கமாக வாழும் ஊர்களுக்குத் தொலைவில் உள்ள மேட்டுநிலம். வரைபடத்தில் ஏறாமல் விடுபட்ட பழைய பாதைகளை ‘ராம்ப்ளர்ஸ்’ என்ற நடையர் அமைப்பின் தொண்டர்கள் பழைய ஆவணங்களைத் துழாவித் தேடினார்கள். 2020-இல் அவர்கள் சொன்ன கணக்கு 49,000 மைலுக்கும் மேல். குறித்த நாளுக்குள் பதிவு செய்யாத பாதைகள் உரிமை இழக்கும் என்று 2000-ஆம் ஆண்டுச் சட்டம் கெடு வைத்திருந்தது. அந்தக் கெடுவை நீக்குவதாக அரசு 2024 டிசம்பரில் அறிவித்தது. பட்டாவில் ஏறாத சுடுகாட்டுப் பாதைக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நடந்தவர்களுக்கு, காகிதத்தில் இல்லாத பாதை எவ்வளவு சீக்கிரம் வேலிக்குள் போகும் என்பது தெரியும்.

எனவே அங்கே இருக்கும் தம்பி தங்கைகளுக்கு நாம் சொல்வது இதுதான். பக்கத்து வீட்டுக்காரரின் நாயாக இருந்தாலும் சரி, கேட்டு வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்புங்கள். கயிறு, தண்ணீர், மலப்பை, வரைபடம், சேற்றுக்கு ஏற்ற காலணி போதும். போகும் பாதை எங்காவது முள்ளால் அடைபட்டிருந்தாலோ, பூட்டுப் போட்டிருந்தாலோ, படம் எடுத்து அந்த மாவட்ட நிர்வாகத்தின் பொதுப் பாதைப் பிரிவுக்கு எழுதுங்கள். பாதையைத் திறந்து வைப்பது அவர்களின் சட்டக் கடமை. யாரும் நடக்காத பாதைதான் முதலில் மூடப்படும்.